முதியோர் குடியிருப்புக்குப் போகிறார்கள். சொந்த வீட்டை என்ன செய்வது?

அப்பாவோ அம்மாவோ முதியோர் குடியிருப்புக்குப் போவதென்று முடிவானதும், "அப்போ இந்த வீடு?" என்ற கேள்வி வந்துவிடும். பல குடும்பங்கள் சாமான் கட்டும் வாரத்திலேயே அதற்கும் பதில் தேடி, விற்றுவிடுகிறார்கள் அல்லது பிள்ளை பேருக்கு எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் அவசரத்தில் செய்யக் கூடாது. கீழே இருப்பது தமிழ்நாட்டில் வீடு உள்ளவர்களுக்கான வழிமுறை. வரிசை மாறாமல் செய்யுங்கள்.

படி 1: பீரோவைத் திறந்து காகிதங்களை எடுங்கள்

மூலப் பத்திரம், பட்டா, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். பழைய வீட்டுக்கடனை அடைத்திருந்தும் அடமான ரத்துப் பதிவு ஆகாமல் இருப்பது இதில்தான் தெரியவரும்.

பத்திரத்தில் 'கமலம்', ஆதாரில் 'கமலாம்பாள்', பட்டாவில் இறந்துபோன கணவர் பெயர். இப்படி இருந்தால் விற்பதிலும் சிக்கல், எழுதி வைப்பதிலும் சிக்கல். இந்துக் குடும்பத்தில் வீடு கணவர் பெயரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், மனைவியோடு மகன்கள், மகள்கள் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கணவரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் உண்டு. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.

படி 2: நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுத வேண்டியதை எழுதுங்கள்

"பவர் கொடுத்திருக்கிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நிறையப் பேர் நம்பியிருக்கிறார்கள். நம் சட்டத்தில், கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தாலோ இறந்தாலோ 'பவர்' எனப்படும் பொது அதிகாரப் பத்திரம் முடிந்துபோகிறது. மறதி நோய் முற்றிய பிறகு வீட்டை விற்க உயர் நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் நியமனம் கேட்க வேண்டிவரும்.

ஆகவே முதலில் உயில். இரண்டு சாட்சிகள் கட்டாயம், முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பதிந்துவிடுவது நல்லது. அன்றைய தேதியிட்ட மருத்துவர் சான்று ஒன்றைக் கூடவே வைத்துக்கொண்டால் பின்னாளில் வழக்கு வந்தால் கைகொடுக்கும். நடக்க முடியாதவர் என்றால் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம்.

படி 3: மூன்று மாதம் வீட்டைப் பூட்டி மட்டும் வையுங்கள்

சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சுத்துணை இல்லை என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. அப்போது வீடு வீடாகவே இருக்க வேண்டும். கேஸ் வால்வையும் மேல்தொட்டிக் குழாயையும் மூடுங்கள். பிரிட்ஜைக் காலிசெய்து கதவைத் திறந்து வையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாராவது ஜன்னல் திறந்து, கரையான் பார்த்து, தண்ணீர் ஓடவிட வேண்டும். வீட்டுக் காப்பீடு இருந்தால், ஆளில்லாமல் எத்தனை நாள் வரை அது செல்லும் என்று பாலிசியில் பாருங்கள்.

படி 4: மாதக் கணக்கு

ஓர் உதாரணம். குடியிருப்புக் கட்டணம் மாதம் 45,000, பென்ஷன் 28,000. பற்றாக்குறை 17,000. வீடு 18,000 வாடகைக்குப் போகும் என்றால் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் வருடத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள்: 1,98,000. சொத்து வரி 12,000, பழுது 18,000 கழித்தால் 1,68,000. மாதம் 14,000 தான். இன்னும் 3,000 குறைகிறது. குடியிருப்புக் கட்டணமும் ஏறும். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் ஐந்தாம் ஆண்டு முடிவில் 45,000 என்பது 66,000 ஆகிவிடும். ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 5: இப்போது முடிவு

*வாடகை.* பெரும்பாலானவர்களுக்கு முதலில் இதுதான் பொருத்தம். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் அதன் பதிவும் தேவை. 11 மாதம் என்று எழுதினால் தப்பிக்கலாம் என்பது தவறு. அட்வான்ஸை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள், அது திருப்பித் தர வேண்டிய பணம். வாடகை பெற்றோர் கணக்குக்கே வரட்டும்.

*விற்பனை.* பற்றாக்குறை பெரிது, பராமரிக்க உள்ளூரில் ஆளில்லை என்றால் விற்கலாம். மூலதன ஆதாய வரியை, அதாவது விற்றதில் வரும் லாபத்துக்கான வரியை, முதலில் கணக்கிடுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கச் சரிக்கட்டலோடு (வாங்கிய விலையை விலைவாசி உயர்வுக்கேற்பக் கூட்டிக் கணக்கிட்டு) 20 சதவீதம், எது குறைவோ அது. குடியிருப்பில் கட்டும் வைப்புத்தொகை 'வேறு வீடு வாங்கியது' ஆகாது. அதை நம்பி வரிவிலக்கு எதிர்பார்க்காதீர்கள்.

*தலைகீழ் அடமானம்.* சொந்த வீட்டை அடமானம் வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு வங்கியிடம் பணம் பெறும் கடன் இது. வீட்டை விட்டுப் போகிறவருக்கு இது சரிவராது. தொடர்ந்து ஓராண்டு அந்த வீட்டில் குடியிருக்காவிட்டால், நிரந்தரமாக வெளியேறியதாகக் கொண்டு வங்கி கடனைத் திருப்பிக் கேட்கலாம்.

*பிள்ளை பேருக்கு செட்டில்மெண்ட்.* அதாவது வாழும்போதே வீட்டைப் பத்திரம் பதிந்து எழுதிக் கொடுப்பது. செலவு குறைவு: முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. அதனாலேயே எல்லாரும் இதற்கு ஓடுகிறார்கள். ஆனால் பதிந்த அன்றே வீடு கைமாறிவிடும், கட்டணம் கட்ட வழி அடைபடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ஆயுள் முழுதும் வாடகையை அனுபவிக்கும் உரிமை பெற்றோருக்கே என்றும், பராமரிப்பது இந்தப் பத்திரத்தின் நிபந்தனை என்றும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம், 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 'அன்பினாலும் பாசத்தினாலும்' என்று மட்டும் எழுதிய பத்திரத்தில் அதை நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். பத்திர எழுத்தர் வழக்கமான படிவத்தை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள்.

படி 6: சாமான்களும் முகவரியும்

புது அறையின் அளவை நாடாவால் அளந்துவிட்டுச் சாமான் பிரியுங்கள். சாமி படங்கள், படுத்துப் பழகிய தலையணை, வழக்கமான காபி டம்ளர் முதலில் போகட்டும். எதைக் கொடுப்பது, யாருக்கு என்பதை அவர்களே சொல்லட்டும். அவர்கள் இல்லாதபோது அலமாரியைக் காலிசெய்ய வேண்டாம். மின் கட்டணக் குறுஞ்செய்தி வரும் கைபேசி எண்ணை மாற்றுங்கள், கேஸ் இணைப்பை ஒப்படையுங்கள், வங்கிக்கும் பென்ஷன் அலுவலகத்துக்கும் புது முகவரி கொடுங்கள். அசல் பத்திரங்கள் வங்கி லாக்கரில் இருக்கட்டும். சாவி ஒன்று பெற்றோர் கையிலேயே இருக்கட்டும்.