கலானின் ஆயிரத்தொரு இரவுகளை மூன்று கட்டாகப் பிரித்துப் படிப்பது எப்படி

புதுச்சேரியில் 30 வருடம் பிரெஞ்சுப் பாடம் எடுத்தவன் நான். ஆனாலும் 'ஆயிரத்தொரு இரவுக'ளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க மூன்று தடவை முயன்று, மூன்று தடவையும் நடுவிலேயே விட்டிருக்கிறேன். நாலாம் தடவை ஒரு பென்சிலையும் மூன்று நிற ஒட்டுச்சீட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படித்து முடித்துவிட்டேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயிரத்தொரு இரவுகளை அரபியிலிருந்து பிரெஞ்சுக்குக் கொண்டுவந்த அந்த்துவான் கலான், 1646இல் பிக்கார்திப் பகுதியில் ரொல்லோ என்ற ஊரில் பிறந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை. 1670இல் பிரெஞ்சுத் தூதருடன் கான்ஸ்டான்டிநோபிள் போய், பழைய நாணயங்களும் கையெழுத்துப் பிரதிகளும் சேர்த்தார். காபி எங்கே தோன்றி எப்படிப் பரவியது என்று 1699இல் ஒரு சின்ன நூல்கூட வெளியிட்டார். இரவுகள் 1704இல் வரத் தொடங்கி, அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து 1717இல்தான் முடிந்தன. மொத்தம் 12 தொகுதி.

சுருக்கப்பட்ட சிறுவர் பதிப்பு இந்த வேலைக்கு உதவாது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் முழுப் பதிப்பை எடுங்கள். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் கலிகா தளத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கதைகள் கலானுக்கு எங்கிருந்து கிடைத்தன என்று பார்த்து மூன்று கட்டாகப் பிரித்து, கட்டுக்கு ஒரு நிறச் சீட்டு ஒட்டுங்கள்.

பச்சைச் சீட்டு: சிரியாவிலிருந்து கலானுக்கு வந்த அரபுக் கையெழுத்துப் பிரதியில் உள்ள கதைகள். வணிகனும் பூதமும், மீனவன், சுமைகூலியும் மூன்று பெண்களும், கூனன். அந்தப் பிரதி 282ஆம் இரவோடு, ஒரு கதையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. பிரெஞ்சு தெரியாதவர்கள் இந்தக் கட்டுக்கு மட்டும் ஹுசைன் ஹத்தாவியின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுக்கலாம். அதோடு ஒப்பிட்டால் கலானின் கைவேலை பளிச்சென்று தெரியும்: பாட்டுகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார், பச்சையான இடங்களைப் பூசி மெழுகினார். தொடக்கத்தில் இரவுக்கு இரவு, கதை சொல்லும் ஷஹர்சாத்திடம் அவள் தங்கை, "அக்கா, தூங்கவில்லையென்றால் ஒரு கதை சொல்லுங்கள்" என்பாள். பாரிஸ் இளைஞர்கள் சிலர் குளிர்கால நடுராத்திரியில் கலானின் ஜன்னலுக்குக் கீழே நின்று இதையே கத்திக் கேலி செய்தார்களாம். பிற்பாடு அவர் அதை எடுத்துவிட்டார். நீங்களும் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

மஞ்சள் சீட்டு: சிந்துபாத். இது தனிப் பிரதியிலிருந்து வந்தது. கலான் முதலில் மொழிபெயர்த்ததே இதைத்தான். ஏழு பயணத்தையும் படிக்க வேண்டிய அவசியமில்லை. இறந்த மனைவியோடு உயிருள்ள கணவனையும் சேர்த்துப் புதைக்கும் நாலாம் பயணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1709இல் வந்த எட்டாம் தொகுதியில், கலானைக் கேட்காமலே வேறொரு மொழிபெயர்ப்பாளரின் இரண்டு கதைகளைச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். அவருக்குக் கடும் கோபம். கோதாதாத் கதையும் செயின் அலஸ்னாம் கதையும்தான் அவை. பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வையுங்கள்.

சிவப்புச் சீட்டுதான் முக்கியம். அலாவுதீனும் அலிபாபாவும் அந்தச் சிரியப் பிரதியில் கிடையாது! பாரிஸுக்கு வந்திருந்த ஹன்னா தியாப் என்ற அலெப்போ இளைஞர் 1709இல் சொல்லக் கேட்டவை. கலான் தன் நாட்குறிப்பில் கதைச் சுருக்கங்களை எழுதி வைத்தார். அச்சான நூலில் தியாபின் பெயர் இல்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. ஆகவே சிவப்புச் சீட்டு ஒவ்வொன்றிலும் 'தியாப்' என்று எழுதிவிடுங்கள். நான் வகுப்பில் அலாவுதீனைப் பல வருடம் பாக்தாத் பையன் என்றே சொல்லிவந்தேன். ஒரு மாணவிதான் புத்தகத்தைத் திறந்து காட்டினாள்: சீனத்தில் ஒரு தையற்காரர் மகன். அதனால் இந்தக் கட்டை மட்டும், தெரிந்த கதைதானே என்று புரட்டாமல், வரிவரியாகப் படியுங்கள்.

அலிபாபாவைப் படிக்கும்போது அவனை விட்டுவிட்டு அடிமைப்பெண் மோர்ஜியானைப் பின்தொடருங்கள். நாட்குறிப்பில் அந்தக் கதைக்குக் கலான் வைத்த தலைப்பிலேயே மோர்ஜியானின் சாமர்த்தியம்தான் முன்னால் நிற்கிறது. சுண்ணக்கட்டிக் குறியை அக்கம்பக்கத்துக் கதவுகளிலும் போட்டுவைப்பது, கொதிக்கும் எண்ணெயை ஜாடிகளில் ஊற்றுவது, கத்தியோடு ஆடுவது என்று அவள் செய்வதையெல்லாம் ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். அலிபாபாவின் பங்கு எவ்வளவு குறைவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம், 'திறந்திடு சீசேம்' என்பதில் உள்ள சீசேம் வேறொன்றுமில்லை, எள். அலிபாபாவின் சகோதரன் காசிம் அந்தத் தானியத்தின் பெயரை மறந்து 'பார்லி' என்று சொல்லித்தான் மாட்டிக்கொள்கிறான். என் பேத்தி இதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் எள் டப்பாவின் முன் நின்று கத்திப் பார்த்தாள்.

இதற்கு மேலும் தெம்பிருந்தால், கலான் துருக்கியிலிருந்து மொழிபெயர்த்து 1724இல் வெளிவந்த 'பித்பாய்' கதைகளைத் தேடுங்கள். அதற்குச் சீட்டு எதுவும் வேண்டாம். ஒரு காளையும் ஒரு சிங்கமும் நண்பர்களாகி, நடுவில் ஒரு நரி வந்து நுழைந்ததுமே, பாரசீகமும் துருக்கியும் சுற்றிவிட்டு வந்திருக்கும் நம் பஞ்சதந்திரத்தை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.