சஸ்பென்ஷன் வேலைக்குப் பின் கார் இடப்பக்கம் சாய்ந்தது

முன்பக்க ஸ்பிரிங் இரண்டும், வலது லோயர் ஆர்மும் (சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கை) புதிதாக மாட்டியபின் கார் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. "ஓடினா செட் ஆயிடும் சார்" என்றார் மெக்கானிக். தொப்பூர் கணவாய் இறங்கி ஏறியும் ஆகவில்லை.

தருமபுரியில் சமதளம் தேடுவதே தனி வேலை. காரை எதிர்த்திசையில் திருப்பி நிறுத்தினாலும் அதே சாய்வுதான். சரி, தரை மேல் பழியில்லை. டயர் காற்றைச் சமமாக்கி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) விளிம்புவரை டேப் பிடித்தேன். வலப்பக்கம் 15 மி.மீ. உயரம். ஸ்பிரிங் முனைகள் அவை உட்காரும் தட்டில் சரியாகவே இருந்தன.

காரணம் வேறு: ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே வலது லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கியிருக்கிறார்கள். காரை இறக்கியதும் ஆர்மின் மூட்டிலுள்ள ரப்பர் புஷ் முறுக்கேறி, அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துவிட்டது. வேறொரு பட்டறைப் பள்ளத்தின்மேல் சக்கரங்களில் நிறுத்தி, போல்ட்டைத் தளர்த்தி, காரை நன்றாகக் குலுக்கி, மறுபடி முறுக்கினோம். உயரம் சமமானது. அப்புறம் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று.