பால் கொடுக்கும்போது வலிக்கிறதா? முதலில் குழந்தையின் பிடிப்பைச் சரிபாருங்கள்

குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆவதற்குள் "பால் ஊறவில்லை, பவுடர் வாங்கி வா" என்று வீட்டில் பேச்சு வந்துவிடும். அவசரப்படாதீர்கள். அந்த நாட்களில் வருவது சீம்பால். ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி அளவுதான் இருக்கும். பிறந்த குழந்தைக்கு அது போதும். பால் பெருகுவது 2 முதல் 4-ம் நாளுக்குள். சிசேரியன் ஆனவர்களுக்குச் சற்றுத் தள்ளிப் போகலாம். டாக்டர் காரணம் சொல்லிக் கொடுக்கச் சொன்னால் ஒழிய, இடையில் பவுடர் பால் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும். சப்பாத மார்பில் பால் ஊறுவதும் குறையும். சேனை என்று தேனைத் தொட்டு வைக்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நச்சு நோய் வரக்கூடும்.

வலி, வெடிப்பு, குழந்தைக்குப் பசி அடங்காமை ஆகிய மூன்றுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கும். முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காருங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டட்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். பின்தலையைப் பிடித்து அழுத்தாமல், கழுத்தையும் தோளையும் தாங்குங்கள். மூக்குக்கு நேராகக் காம்பு வரட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். கொட்டாவி விடும் அளவுக்கு வாய் திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டு வாருங்கள். தாடை முதலில் பட வேண்டும். நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோனால் பிடிப்பும் தவறும், முதுகும் வலிக்கும். தையல் வலி இருந்தால் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம்.

சரியான பிடிப்பில் கீழுதடு வெளியே மடிந்திருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் வாய்க்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் குழி விழுந்தாலோ, 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ பிடிப்பு தவறு. முதல் சில நொடிகள் சுருக்கென்று இருக்கலாம். அரை நிமிடம் கழித்தும் வலித்தால் இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை நுழைத்து விடுவித்து மறுபடி பிடிக்க வையுங்கள். வெளியே வந்த காம்பு நசுங்கிச் சரிந்திருந்தால் இன்னும் சரிசெய்ய வேண்டும். வெடிப்பில் சோப்பு போடாமல், சில சொட்டுத் தாய்ப்பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள். பிடிப்பு சரியாகியும் வலி நீடித்தால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

பால் பெருகியதும் மார்பு கல் மாதிரி கட்டிக்கொள்ளும். கருவட்டம் விறைத்துவிடுவதால் குழந்தையின் வாய் வழுக்கும். விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். அந்த இடம் இளகியதும் கொடுங்கள். அப்படியும் முடியாவிட்டால் கருவட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து, பின்னால் தள்ளி, சேர்த்து அழுத்தி, விடுங்கள். தோல்மேல் விரலை இழுக்க வேண்டாம். மார்பு இளகும் அளவு எடுத்தால் போதும். கொடுத்த பிறகு ஈரத்துணி ஒத்தடம் போடுங்கள். கட்டி கரையட்டும் என்று அழுத்திப் பிசைந்தால் வீக்கம்தான் கூடும். பாலாடையை (குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு) கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவிட்டு, எடுத்த பாலைக் கொதிக்க வைக்காமல் அதில் ஊற்றி, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, கீழுதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாய்க்குள் கொட்டினால் புரையேறும்.

முதல் நாட்களில் இரவானாலும் 3 மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாதீர்கள். துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை கொடுக்க வேண்டும். 5-ம் நாளுக்குப் பின் தினம் 6 முறையாவது வெளிர் நிறச் சிறுநீர் போனால், கறுப்பு மலம் மஞ்சளாகியிருந்தால், பால் போதுகிறது. முதல் நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் டாக்டர் பார்க்க வேண்டும்.

எழுப்பியும் குடிக்காத குழந்தை, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தை, கால் வரை மஞ்சள் பரவிய குழந்தை ஆகியோரை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகி உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அன்றே போங்கள். ஆனால் அந்த மார்பில் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.