கழிவுநீர்த் தொட்டியின் சூட்டைப் பகலில் பாருங்கள்

மட்டக்குளியில் ஒரு தேங்காய்ப்பால் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பகுதியை ஒன்பது வருடங்களாகப் பார்த்துவருகிறேன். வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமாரின் கையில் முதலில் கொடுப்பது ஒரு வெப்பமானி.

காலை எட்டு மணிக்கு மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள். முதல் வருடம் நான் அப்படித்தான் செய்தேன். காலையில் காற்றூட்டும் தொட்டி (காற்றை ஊதி, கழிவைத் தின்னும் பக்டீரியாவை வளர்க்கும் தொட்டி) 31 பாகை காட்டும். சரி என்று எழுதிவைப்பேன். ஆனால் வெளியேறும் தண்ணீர் நாளுக்கு நாள் கலங்கியது. ஒருநாள் பகல் மூன்று மணிக்கு அளந்தால் 41! இயந்திரங்களையும் குழாய்களையும் கொதிநீரால் கழுவி, அவ்வளவையும் ஒரேயடியாகத் திறந்துவிடும் நேரம் அது. எங்கள் தொட்டியோ சிறியது.

சூடு ஏறினால் பக்டீரியா வேகமாகத் தின்னும், அதிக ஒட்சிசன் கேட்கும். தண்ணீரில் கரையும் ஒட்சிசனோ குறையும். தூய நீரில் 20 பாகையில் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும். 30 பாகையில் 7.6, நாற்பதில் 6.4 தான். 35ஐத் தாண்டினால் அமோனியாவை மாற்றும் பக்டீரியா தளரும். நாற்பதை நெருங்கும்போது பக்டீரியா கூடிய சேற்றுத் திரள்கள் உடைந்து, படியாமல் தண்ணீரோடு போய்விடும். அந்த நேரத்தில் காற்று ஊதும் புளோவரைக் கூட்டினால் மட்டும் போதாது.

கழிவுநீரை முதலில் தேக்கிச் சமப்படுத்தும் சமன்தொட்டியைத்தான் நம்புங்கள். கழுவிய சூடான தண்ணீரை அதில் பிடித்து, மற்றத் தண்ணீரோடு கலந்து, விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள். காற்றூட்டும் தொட்டி 35ஐத் தாண்டக்கூடாது. கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்காமல் பாருங்கள். மிதக்கும் எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் பொறிக்குள்ளும் தண்ணீர் ஆறிய பிறகே வரவேண்டும். சூட்டில் தேங்காய் எண்ணெய் தண்ணீரோடு கலந்தபடியே பொறியைக் கடந்துவிடும். பிறகு தொட்டியில் நுரைதான்.

காற்றுப் படாமல் மூடி, கழிவிலிருந்து மீதேன் வாயு எடுக்கும் காற்றில்லாத் தொட்டியின் கதை வேறு. மீதேன் தரும் நுண்ணுயிர்களுக்கு 35 முதல் 37 பாகை பிடிக்கும். கொழும்பு வெயிலில் அந்தச் சூட்டுக்குப் பெரிய செலவில்லை. வெதுவெதுப்பான கழிவுநீரே போதும். ஆனால் அந்தத் தொட்டி சூட்டின் தடுமாற்றத்தைத் தாங்காது. ஒரு நாளில் இரண்டு பாகைக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாதீர்கள். விட்டால் மீதேன் நுண்ணுயிர்கள் முதலில் சோரும், அமிலம் தேங்கும், வாயு குறையும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 6.8க்குக் கீழே போனால் உடனே கழிவுநீர் விடுவதைக் குறையுங்கள். அமிலத்தை முறிக்கும் சுண்ணாம்பைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.