வெற்றிலை போடுபவர்கள் மாதம் ஒருமுறை வாயைப் பாருங்கள்

பாக்கும் புகையிலையும் ஊறும் கன்னத்தில் உயிரணுக்களின் மரபணு மெல்லச் சேதமாகிறது. அவை அடங்காமல் பெருகினால் கட்டி. பக்கத்துத் தசைக்குள் ஊடுருவினால் புற்றுநோய். புகையிலை சேர்க்காத பாக்கும் ஆபத்துதான்.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல் வெளிச்சத்தில் கண்ணாடியோடு நில்லுங்கள். முதலில் நன்றாகக் கொப்பளியுங்கள், வெற்றிலைக் காவி இருந்தால் எதுவும் தெரியாது. வழக்கமாக அதக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். பிறகு ஈறு, நாக்கின் ஓரம், அடிப்புறம். துடைத்தும் போகாத வெள்ளை, சிவப்புத் திட்டு, விரலில் தட்டுப்படும் தடிப்பு, 2 வாரத்தில் ஆறாத புண் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. 3 விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட முடியவில்லையா? பாக்கு உட்தோலை இறுக்கியிருக்கலாம், அதையும் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். ஒருநாள் பேர் (நாள் சம்பளம்) போனாலும் பரவாயில்லை, போங்கள்.