வீடு விற்கப் போகிறீர்களா? பார்க்க ஆள் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

பெயின்ட் அடிப்பதில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். விற்கலாம் என்று முடிவானதுமே பலரும் பெயின்டரைத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் அந்த வேலை கடைசிப் பக்கம் வர வேண்டியது. முதலில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே போய் நின்று, முன்பின் தெரியாத ஒருவர் நுழைவதுபோல மெதுவாக உள்ளே வாருங்கள். பூட்டு மக்கர் பண்ணாமல் திறக்கிறதா, அழைப்பு மணி அடிக்கிறதா, கதவு தரையை உரசுகிறதா, எந்த சுவிட்ச் போர்டு ஆடுகிறது, எந்த ஜன்னலின் கொக்கி மாட்டவே மாட்டேன் என்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். இத்தனை வருடமாக அந்தக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து பழகியிருப்பீர்கள், உங்கள் கண்ணில் படாது. அடிக்கடி வந்து போகாத நண்பர் யாராவது இருந்தால் வரச்சொல்லி, முகத்துக்காகப் பார்க்காமல் குறை சொல்லச் சொல்லுங்கள்.

இதெல்லாம் அற்ப விஷயம்தானே என்று தோன்றலாம். வாங்க வருபவருக்குச் சுவருக்குள் ஓடும் குழாயோ வயரோ தெரியாது, கண்ணில் படுவதை வைத்துத்தான் படாததை எடைபோடுவார். சொட்டும் குழாயைப் பார்த்தால், ஒரு வாஷர் மாற்றாதவர் மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியை என்ன லட்சணத்தில் வைத்திருப்பார் என்று யோசனை ஓடும். அந்த யோசனை அப்படியே விலையில் வந்து இறங்கும். அதனால் என் கணக்கில், புது சோபாவுக்குச் செலவழிப்பதைவிட கீல், கைப்பிடி, தாழ்ப்பாள், எரியாத பல்ப், விரிசல் விட்ட சுவிட்ச் மூடி இவற்றுக்குச் செலவழிப்பது பல மடங்கு மேல்.

அடுத்தது தண்ணீர். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம். தண்ணீர் மீட்டர் இருக்கும் வீடு என்றால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றிரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருந்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவு நிறப்பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பு போய்விட்டது என்று அர்த்தம், மாற்றுவது பெரிய வேலை இல்லை. பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகள் கறுத்துப்போயிருந்தால் சுரண்டிப் புதிதாகப் பூசுங்கள். வாஷ்பேசின் ஓரத்தில் பழைய சிலிகான் மேலேயே புதுசைப் பூசினால் ஒட்டாது, பழையதை முழுதாக எடுத்துவிட்டுப் பூசி, ஒரு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

சுவரில் ஓதம் இருந்தால்? இங்கேதான் நிறையப் பேர் ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு, ஈரம் சுவர் வழியாக வந்து வெளியே ஆவியாகும்போது விட்டுப்போவது. ஈரம் எங்கிருந்து வருகிறது, மொட்டைமாடியா, வெளிச்சுவர் விரிசலா, அந்தப் பக்கத்து பாத்ரூமா என்று கண்டுபிடித்து அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால், கொஞ்ச நாளில் கொப்புளம் கட்டி உரிந்து, முன்பைவிட அசிங்கமாக நிற்கும். ஈரம் நின்று சுவர் நன்றாகக் காய்ந்த பிறகும் மீதி இருக்கும் மஞ்சள் கறை சாதாரண எமல்ஷனில் மறையாது, ஊறி வெளியே வந்துவிடும், அதற்கென்றே இருக்கும் கறை தடுக்கும் பிரைமர் அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். விவரமான ஆள் ஈரம் அளக்கும் கருவியோடு ஒரு இன்ஜினியரையே கூட்டி வருவார். தெரிந்த குறையை மறைத்து விற்றால் விற்ற பிறகும் வழக்கு வரை போகலாம், எனவே சரிசெய்ததற்கான பில்லை எடுத்து வைத்து, “இங்கே கசிந்தது, இப்படிச் சரிசெய்தோம்” என்று நீங்களே சொல்லிவிடுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

அப்புறம் வாசனை. உங்கள் வீட்டு வாசனை உங்கள் மூக்குக்குத் தெரியாது, தொடர்ந்து ஒரே வாசனையில் இருந்தால் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். இதற்கும் அந்த நண்பர்தான் கதி. ரூம் ஸ்பிரேயை அடித்துத் தள்ளினால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் தோன்றும். வாசனை தங்குவது துணியில், ஆகவே திரை, தலையணை உறை, மிதியடி எல்லாவற்றையும் துவைத்து, ஜன்னலைத் திறந்து போடுங்கள். வீட்டுக்குள் சிகரெட் பிடித்த வரலாறு இருந்தால் சுவரைக் கழுவித் துடைத்த பிறகுதான் பெயின்ட். ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை நாற்றம் வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் வடிகாலுக்கு அடியில் இருக்கும் வளைந்த குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும், ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி ஊற்றினாலே நின்றுவிடும்.

சாமான்களைக் குறைப்பது பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: எல்லாவற்றையும் அள்ளி அலமாரிக்குள் திணிக்காதீர்கள். வருபவர்கள் அலமாரியைத் திறந்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும், அது வீட்டோடு போகிற பொருள். பாதி காலியாக இருந்தால்தான் இடம் போதும் என்று நம்புவார்கள். எப்படியும் வீடு மாறப் போகிறீர்கள், வேண்டாததை இப்போதே கழித்துவிட்டு, வேண்டியதைப் பெட்டியில் கட்டி வேறு எங்காவது வையுங்கள்.

சரி, இப்போது பெயின்ட். வெளிர் நிறம், எல்லா அறைக்கும் கிட்டத்தட்ட ஒரே சாயல், அவ்வளவுதான். ஆள் வருவதற்கு முந்தின நாள் மட்டும் அடிக்காதீர்கள், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் வாடை உடனே போகாது. பல்பும் ஒரு அறையில் ஒரே நிறமாக இருக்கட்டும். பல்ப் பெட்டியில் ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் போட்டிருப்பார்கள்; உறங்கும் அறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 கெல்வின், சமையலறைக்கு 4000 வரை போகலாம், 6500 வாங்கினால் நீலம் பாய்ந்து ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும்.

போட்டோவைப் பகலில், விளக்குகளையும் போட்டுவிட்டு, அறை மூலையில் நின்று எடுங்கள். போனை மார்பு உயரத்தில், மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடித்தால் சுவர்கள் சாய்ந்து விழாது. அகல லென்ஸில் அறையைக் கிரிக்கெட் மைதானமாகக் காட்டும் வேலை வேண்டாம், நேரில் வந்து பார்ப்பவர் ஏமாந்த முகத்தோடுதான் உள்ளேயே நுழைவார். கழிப்பறை மூடியை மூடுங்கள். கண்ணாடியில் நீங்கள் தெரிகிறீர்களா என்று பாருங்கள், நிறையப் பேர் தெரிகிறார்கள்.

ஆள் வரும் நாளில் நகை, பணம், மாற்றுச் சாவி, மருந்து, வங்கிக் கடிதங்கள் எதுவும் கண்ணில் படும் இடத்தில் இருக்கக் கூடாது. நாய், பூனை இருந்தால் அன்றைக்கு வேறு இடம். தரகர் கூட்டி வருகிறார் என்றால் நீங்கள் வெளியே போய்விடுங்கள். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தால் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள், பேசினால்தான் “கட்டிலை இங்கே போடலாம்” என்ற பேச்சே வரும். நீங்களே காட்ட வேண்டியிருந்தால் துணைக்கு இன்னொருவரை வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெளிச்சமான அறையில் தொடங்கி, அவர்களை முன்னால் நடக்க விட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “இது சமையலறை” என்று அறிவிக்கத் தேவையில்லை, அவர்களுக்கே தெரியும். ஏன் விற்கிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள், உண்மையான பதிலை ஒரே வரியில் தயாராக வைத்திருங்கள், அதில் அவசரம் என்ற வார்த்தை மட்டும் வேண்டாம். குறைந்தபட்ச விலையைப் பேச்சுவாக்கில் உளறிவிடாதீர்கள், பேரம் அங்கிருந்துதான் கீழே இறங்கும்.

அவர்கள் போனதும் ஜன்னல், பின்கதவு, குழாய் எல்லாம் மூடியிருக்கிறதா என்று ஒரு சுற்று வாருங்கள். என்ன கேட்டார்கள், எங்கே முகம் சுளித்தார்கள் என்று அதே நோட்டில் எழுதுங்கள். ஒருவர் சொன்னால் அது அவர் ரசனை, வருகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தைக் குறை சொன்னால் அதைச் சரிசெய்யுங்கள் அல்லது விலையை மறுபடி யோசியுங்கள். இரண்டாவது முறை வருபவர் குழாயைத் திறந்து பார்ப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், பத்திரம் கேட்பார். பத்திர நகல், வரைபடம், வரி ரசீது, கடன் பாக்கி இருந்தால் அதன் விவரம், பழுது பார்த்த பில்கள், இவற்றை ஒரே ஃபைலில் போட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அசல் பத்திரத்தை மட்டும் யார் கையிலும் கொடுத்தனுப்ப வேண்டாம்.