மிஷனெரி அழைப்பு: வேலையை விடுமுன்

கன்வென்ஷன் கூட்டத்தில் ‘மிஷனெரியாகப் போகிறேன்’ என்று கை தூக்கியதை மட்டும் நம்பி வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். ஆதிச் சபை ஊழியர்களான பர்னபாவையும் சவுலையும் (பவுல்) அந்தியோகியா சபையார் உபவாசித்து ஜெபித்த பிறகே கைவைத்து அனுப்பினார்கள் (அப்போஸ்தலர் 13:3). உங்கள் குறைகளை அறிந்த ஆயரிடம் முதலில் பேசுங்கள். மணமானவரென்றால் துணைவருக்கும் அதே பாரம் (ஊழிய வாஞ்சை) வேண்டும். இல்லாவிட்டால் பணித்தளத்தில்தான் அது வெடிக்கும்.

ஓராண்டாவது தினமும் அதிகாலை ஒரு மணிநேரம் தனிஜெபம், நாளுக்கு நான்கு அதிகாரம் வேதவாசிப்பு, வாரம் ஒரு உபவாசம். சபைக் கூட்டங்களிலேயே உயிர்வாழ்ந்தவர், தமிழ் ஆராதனை இல்லாத ஊரில் சீக்கிரம் வறண்டுபோவார்.

கடன்களை அடைத்துவிட்டு மிஷனெரி சங்கத்துக்கு விண்ணப்பியுங்கள். 1903-இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கத்தின் ஊழியர்கள் போன தோர்ணக்கல், தெலுங்கு பேசும் பகுதி. நீங்களும் புது மொழி பேசும் இடத்துக்குப் போனால், முதல் ஆண்டு மொழி கற்பதற்கே போகட்டும், பிரசங்கம் காத்திருக்கலாம்.